ஏரும் ஏரியும் – பகுதி 9: ஆவதியில் வண்டி அவிழ்த்த குடும்பம்

பொம்மனஹள்ளிக்குத் தெற்கே பேகூர், வடக்கே மடிவாளா, வடகிழக்கே அகரா. ஓசூர் சாலை நெடுக ஆயத்த ஆடை ஆலைகளும் அடுக்குமாடிகளும் நெருக்கியடித்து நிற்கும் இந்தப் பகுதி 2007 வரை தனி நகரசபையாக இருந்தது. அந்த ஆண்டுதான் யலஹங்கா, கெங்கேரி முதலான ஊர்களோடு சேர்ந்து பெங்களூரு மாநகராட்சிக்குள் வந்தது. யலஹங்காவும் பொம்மனஹள்ளியும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தது அதுவே முதல் முறையன்று. 16ஆம் நூற்றாண்டில் யலஹங்காவிலிருந்த ஒரு கௌடர் குடும்பத்துக்கு விஜயநகரப் பேரரசர் அச்சுதராயர் பெங்களூரைச் சுற்றியிருந்த பன்னிரண்டு ஹோபளிகளின் (பல கிராமங்கள் அடங்கிய வருவாய்ப் பிரிவுகளின்) வருவாயை விட்டுக்கொடுத்தார். அல்சூர், வர்த்தூர், ஜிகணி, கெங்கேரி ஆகியவற்றோடு பேகூரும் அந்தப் பட்டியலில் உண்டு. வருவாய்த் துறைக் கணக்கில் பொம்மனஹள்ளி பேகூர் ஹோபளியைச் சேர்ந்த கிராமம். அந்தக் கௌடரின் பெயரில் இன்று விமான நிலையம் இருக்கிறது, பேருந்து நிலையம் இருக்கிறது, ஊர் ஊராகச் சிலைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அவர் வாளேந்திய நகர நிர்மாணியாகவே நிற்கிறார். கெம்பே கௌடரின் குடும்பத்தை உழவர் குடும்பமாகப் படித்தால்தான் அதன் எழுச்சியும் வீழ்ச்சியும் விளங்கும் என்பது இந்தப் பகுதியில் நான் முன்வைக்கும் வாதம். வேளாண்மை வரலாற்றைச் சொல்லும் தொடரில் ஒரு கோட்டைத் தலைவருக்கு இடம் கொடுப்பதற்கு எனக்கிருக்கும் காரணமும் அதுதான்.

குடும்பத்தின் தொடக்கக் கதையை 1897இல் வெளியான மைசூர் கெசட்டியரில் லூயி ரைஸ் பதிவுசெய்திருக்கிறார். காஞ்சிக்கு அருகிலுள்ள ஆலூரிலிருந்து மொரசு ஒக்கலிகர் வகுப்பைச் சேர்ந்த ஏழு உழவர்கள், பெண்டு பிள்ளைகளோடு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களின் தலைவர் பைரே கௌடர். அவருடைய மகள் தொட்டம்மாவைத் தனக்குக் கட்டிக்கொடுக்கும்படி உள்ளூர் அதிகாரம் படைத்த ஒருவன் வற்புறுத்தினான். மறுக்கவும் முடியாமல் சம்மதிக்கவும் மனமில்லாமல் இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியேறினார்கள். வழியில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியது. பெண்கள் காதணியைக் கழற்றி ஆற்றுக்குக் காணிக்கையாகப் போட, வெள்ளம் விலகி வழிவிட்டது. நந்திமலைக்குக் கிழக்கே இராமசாமி பெட்டாவின் அடிவாரத்தில் வண்டியை அவிழ்த்தார்கள். அங்கேயே தங்கிவிடும்படி தலைவருக்குக் கனவில் உத்தரவு கிடைத்தது. அப்படி உண்டான ஊர்தான் ஆவதி. அந்த வழியில் வந்தவர்கள் பின்னாளில் தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், சிக்கபள்ளாப்பூர் ஆகிய ஊர்களில் பாளையக்காரர்களானார்கள். இன்னொரு கிளை யலஹங்காவுக்குப் போனது. காலம் 14ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

இது கட்டுக்கதை, வரலாற்றில் இதற்கு இடமில்லை என்று ஒருவர் சொல்லலாம். அந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பெண் கேட்ட பகையாளி, இரவுப் பயணம், பிளந்து வழிவிட்ட ஆறு ஆகிய மூன்றும் தென்னிந்தியாவில் பல சமூகங்களின் இடப்பெயர்வுக் கதைகளில் வருகின்றன. கம்பளத்து நாயக்கர்கள் வடக்கிலிருந்து தெற்கே வந்த கதையிலும் இதே அமைப்பைக் காணலாம். அங்கே துங்கபத்திரை, இங்கே பாலாறு. எனவே தொட்டம்மாவின் கதையை அப்படியே நடந்த சம்பவமாக எடுத்துக்கொள்வது தவறு. ஆனால் பொதுவான அச்சிலிருந்து விலகி நிற்கும் விவரங்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். தங்கள் முன்னோருக்குப் பெருமை தேடும் பாளையக்காரக் குடும்பங்கள் பொதுவாகச் சூரிய குலம், சந்திர குலம் என்று தொடங்கும், அல்லது யாரோ ஓர் அரசனின் படைத்தலைவரிடமிருந்து தொடங்கும். மூன்று நூற்றாண்டு ஆட்சி செய்த பிறகும் இந்தக் குடும்பத்தின் மரபு உழவர்களிலிருந்துதான் தொடங்குகிறது. அவர்கள் வந்தது குதிரையில் இல்லை, குடும்பத்தை ஏற்றிய வண்டியில். மொரசு ஒக்கலிகரிடையே ‘பண்டி தேவரு’ என்ற பெயரில் வண்டியோடு தொடர்புடைய வழிபாடு நெடுங்காலம் நடந்துவந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், வண்டியில் வந்து குடியேறிய உழவர் கூட்டம் என்ற நினைவு புலவர் ஒருவர் பிற்காலத்தில் இட்டுக்கட்டியதாகத் தோன்றவில்லை. ஆற்றைப் பிளந்தது கதை. வண்டியும் ஏரும் நினைவு.

ஆலூர் காஞ்சிப் பக்கம் என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? கல்வெட்டுச் சான்று இல்லாத செய்தி அது. இருந்தாலும் அதன் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். தொண்டை மண்டலம் ஏரிகளால் பிழைத்த நாடு. பல்லவர் காலத்திலேயே மகேந்திரவாடியில் பேரேரி வெட்டப்பட்டது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்கு ஏரி வாரியம் என்ற தனிக் குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விதி வகுக்கின்றன. மழைநீரைக் கரை கட்டித் தேக்கி, மதகு வழியே அளந்து விட்டு, மிஞ்சியதைக் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்கு அனுப்பும் கலை அங்கே அன்றாட அறிவு. பெங்களூர் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வற்றாத ஆறு எதுவும் அதன் வழியாக ஓடவில்லை. செம்மண்ணில் மானாவாரியாகக் கேழ்வரகும் கொள்ளும் விளையும். நெல்லோ தோட்டப்பயிரோ வேண்டுமென்றால் ஏரிதான் கதி. எங்கிருந்து வந்தவர்களானாலும் இந்த மேட்டில் நிலைத்தவர்கள் ஏரி அறிந்த உழவர்கள் மட்டுமே. காஞ்சித் தொடர்பை மெய்ப்பிக்க இது போதாது, அப்படி நான் கோரவும் இல்லை. ஆற்றுப் பாசனமில்லாத மேட்டில் ஓர் உழவர் குடும்பம் நான்கைந்து தலைமுறைகளில் பன்னிரண்டு ஹோபளிகளுக்கு உயர்ந்ததற்கு நீர் மேலாண்மையே அடிப்படை என்ற முடிவுக்கு இந்தப் பொருத்தம் துணை நிற்கிறது, அவ்வளவே.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தக் குடும்பத்தை முன்னோடி உழவர்கள் என்று சொல்ல, இவர்கள் வருவதற்கு முன் இந்த நிலம் காடாகவா கிடந்தது? இல்லை. பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள சுமார் 890ஆம் ஆண்டுக் கங்கர் காலக் கன்னடக் கல்வெட்டு ‘பெங்களூர்ப் போரில்’ நாகத்தரன் என்பவரைச் சார்ந்தவர்கள் மடிந்ததைச் சொல்கிறது. கெம்பே கௌடர் நகரம் அமைத்த 1537க்கும் அதற்கும் இடையே 600 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேப்பூர்க்காரர் ஒருவர் அளித்த நிலக்கொடையைப் பதிவுசெய்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். அதே மடிவாளாவில் உள்ள 1365ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்களூரின் தாமரைக்கிரையில் உள்ள நிலத்தைப் பேசுகிறது. பி.டி.எம். லேஅவுட்டை ஒட்டிய தாவரெகெரெதான் அது என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். ஏரி, அதன் கீழ் நன்செய், அந்த நிலத்தை அளந்து கோயிலுக்கு எழுதிவைக்கும் குடியானவர்கள் எல்லாம் ஆவதிக்கு வண்டி வருமுன்பே பொம்மனஹள்ளியைச் சுற்றி இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் தம் கொடையைத் தமிழில் வெட்டிவைத்தவர்கள்.

இவை அனைத்துக்கும் மேலாக நான் மதிக்கும் சான்று அகராவில் இருக்கிறது. சுமார் 870ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டின் செய்தி மிகச் சிறியது. இருகமையனின் மகன் சிரிமையன் இரண்டு ஏரிகளுக்குத் தூம்பு அமைத்தான், கிழக்கே புதிதாக ஓர் ஏரியைக் கட்டினான், மூன்று ஏரிகளின் ‘பிட்டுவட்ட’ உரிமையையும் பெற்றான். தந்தை பெயர், மகன் பெயர், செய்த வேலை, கிடைத்த உரிமை, அவ்வளவுதான். பிட்டுவட்டம் என்பது ஏரி கட்டியவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் அந்த ஏரியின் கீழுள்ள நன்செய்யில் விடப்படும் பங்கு. தமிழ்நாட்டில் ஏரிப்பட்டி என்று வழங்கியதும் இதே வகை ஏற்பாடுதான். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கரை உடைந்தால் முதலில் வறளும் வயல்களில் கட்டியவரின் வயலும் ஒன்று. தூம்பு அடைத்துக்கொண்டால் அவர் வீட்டிலும் நெல் குறையும். அரசன் ஆள் அனுப்பி மேற்பார்வை செய்யத் தேவையில்லாதபடி ஒரு குடும்பத்தின் சோற்றையும் ஏரியின் நலத்தையும் சேர்த்து முடிந்துவிடுகிறது இந்த உரிமை. மகனுக்கும் பேரனுக்கும் அது இறங்கும்போது ஏரியைப் பற்றிய அறிவும் கூடவே இறங்குகிறது. எந்த மழைக்கு எவ்வளவு நீர் வரும், கரையில் எந்த இடம் கசியும், எந்த மாதம் தூர் வாரலாம் என்பதெல்லாம் அந்த வீட்டின் சொத்து. பெங்களூரின் பெயரறிந்த முதல் முன்னோடி உழவர் குடும்பம் எது என்று என்னைக் கேட்டால் இருகமையன், சிரிமையன் வீட்டைத்தான் சொல்வேன். அவர்களுக்குச் சிலை இல்லாதது வருத்தத்துக்குரியது.

அப்படியானால் ஆவதிக் குடும்பத்தை முன்னோடிகள் என்று சொல்வது பொய்யாகிவிடாதா? ஆளில்லாத மண்ணில் முதலில் கால் வைத்தவர்தான் முன்னோடி என்று பொருள்கொண்டால் பொய்தான். அந்தப் பொருள் அமெரிக்கப் புல்வெளிகளுக்கே பொருந்தாது, அங்கும் பூர்வகுடிகள் இருந்தார்கள். நம் நாட்டில் இன்னும் பொருந்தாது. ஏற்கெனவே உள்ள ஏரிகளும் ஊர்களும் சிதறிக் கிடக்கும்போது அவற்றை ஒரே நீர்க்கணக்கிலும் ஒரே சந்தையிலும் இணைத்துப் பயிர்ப்பரப்பைப் பெருக்கியவர்கள் என்ற பொருளில் இவர்கள் முன்னோடிகள். சிரிமையன் மூன்று ஏரிகளின் வீட்டுக்காரன். கெம்பே கௌடரின் குடும்பம் அதே ஏற்பாட்டைப் பன்னிரண்டு ஹோபளிகளுக்கு விரித்தது. மடிவாளா ஏரி நிரம்பினால் அகராவுக்கு, அகரா நிரம்பினால் பெள்ளந்தூருக்கு, அங்கிருந்து வர்த்தூருக்கு என்று இறங்கும் நீர் கடைசியில் தட்சிண பினாகினியில் சேர்ந்து, தென்பெண்ணையாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. தனித்தனி ஊர்த்தலைவர்கள் பகைத்துக்கொண்டிருந்தால் இப்படிப்பட்ட தொடரைக் காப்பாற்ற முடியாது. மேலே உள்ளவன் கலிங்கை உயர்த்தினால் கீழே உள்ளவனின் வயல் காயும். பேகூர், வர்த்தூர், அல்சூர் எல்லாம் ஒரே கையில் இருந்தது நீருக்கு நல்லதாக அமைந்தது.

குடும்பம் எப்படி உயர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆவதியிலிருந்து பிரிந்த ஜயகௌடர் 1418இல் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டு யலஹங்காவில் நிலைகொண்டார். அவருக்குப்பின் கித்தே கௌடர். பிள்ளையில்லாத அவர் கெம்பம்மாவிடம் வேண்டிக்கொண்டு பெற்ற மகனுக்குக் கெம்பனஞ்சே கௌடர் என்று பெயரிட்டார். அன்றிலிருந்து அம்மனின் பெயர் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. கெம்பனஞ்சே கௌடரின் மகன்தான் 1537இல் பெங்களூரைக் கட்டிய கெம்பே கௌடர். தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் சந்திக்கும் இடத்திலிருந்து நான்கு திசைகளிலும் நான்கு ஏர்களை ஓட்டி, ஏர்ச்சால் போன வழியே வீதி அமைத்தார்கள் என்கிறது மரபு. வீதிகள் முடிந்த இடங்களில் அல்சூர், யலஹங்கா, ஆனேக்கல், சொண்டேகொப்பா வாயில்கள். உழவன் ஊர் வகுத்தால் ஏரால்தான் கோடு போடுவான் என்று இந்தச் செய்தியை மட்டும் வைத்து வாதிட மாட்டேன். நல்ல நாளில் பொன்னேர் பூட்டித் தொடங்குவது பல இடங்களிலும் உள்ள சடங்கு. பேட்டைகள்தான் உறுதியான சான்று. ராகிபேட்டை, அக்கிபேட்டை, தரகுபேட்டை, அரளேபேட்டை என்று கேழ்வரகுக்கும் அரிசிக்கும் தானிய மண்டிக்கும் பஞ்சுக்கும் தனித்தனி இடம். செக்காடுபவர்களுக்குக் காணிகரபேட்டை, குயவர்களுக்குக் கும்பாரபேட்டை, தமிழ் மூலமுடைய தோட்டக்காரர்களான திகளர்களுக்குத் திகளரபேட்டை. அரண்மனையைச் சுற்றி எழும் தலைநகரின் அமைப்பு இப்படி இராது. சுற்றுப்புற விளைச்சல் வந்து குவிந்து கைமாறுவதற்காக வகுக்கப்பட்ட ஊர் இது. ஊரை ஒட்டியே தர்மாம்புதி, கெம்பாம்புதி ஏரிகள் வந்தன. தர்மாம்புதி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது.

கோட்டை கட்டியவர், படை வைத்திருந்தவர், பேரரசின் நாயக்கர் வரிசையில் நின்றவர், அவரை உழவர் என்பது மிகையல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டையும் படையும் உண்மைதான். ஆனால் பேரரசு அவரை எப்படி நடத்தியது என்று பாருங்கள். ஊர் கட்டினார், ஏரி வெட்டினார், பேட்டை அமைத்தார். அச்சுதராயர் மகிழ்ந்து வருவாயை விட்டுக்கொடுத்தார். பிறகு கெம்பே கௌடர் தம் குலதெய்வமான பைரவரின் பெயரில் வராகன் என்ற பொன் நாணயம் அச்சடித்தார். உடனே ஆனேகுந்தியில் சிறை வைக்கப்பட்டார். சுமார் ஐந்தாண்டுகள் அங்கே கிடந்து, பெருந்தொகை அபராதம் கட்டிய பிறகே நிலத்தைத் திரும்பப் பெற்றார். நிலத்தைப் பெருக்கிக் கொடுக்கும் கௌடராக இருக்கும்வரை அவர் வேண்டியவர். நாணயம் அடிக்கும் அரசராக முனைந்த அன்றே குற்றவாளி. கௌடர் என்ற சொல் குறிப்பது ஊரின் தலைமைக் குடியானவரை, வரி வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பாளரை. அந்தப் பொறுப்பைப் பல மடங்கு பெரிதாக்கியதுதான் இந்தக் குடும்பத்தின் ஆட்சி. அதற்கு அப்பால் போக அதை யாரும் அனுமதிக்கவில்லை.

இந்தப் பெருமையை ஆண்கள் பெயரில் மட்டும் எழுதிவிட்டு நகர எனக்கு மனமில்லை. குடும்பத்தின் கதைகளை வரிசையாக வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் விலை கொடுப்பவள் பெண். தொட்டம்மாவுக்காக ஊரை விட்டார்கள். ஆறு வழிவிடப் பெண்களின் காதணி போனது. கோட்டை வாயில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்ததால் கெம்பே கௌடரின் மருமகள் லட்சுமிதேவி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தவள், தன்னையே பலி கொடுத்தாள் என்கிறது ஒரு கதை. அவளுக்கு எழுப்பிய நினைவிடம் பொம்மனஹள்ளிக்கு அருகே கோரமங்கலாவில் இருக்கிறது. மொரசு ஒக்கலிகப் பெண்கள் இரு விரல்களின் நுனியை வெட்டிக்கொள்ளும் கொடிய வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்ததை மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் பதிவுசெய்திருக்கிறார். அதற்குச் சொல்லப்படும் காரணக் கதையில், அசுரனுக்குப் பயந்து ஒளிந்த சிவனை ஓர் உழவன் விரலால் சுட்டிக் காட்டிக்கொடுக்கிறான். அந்த விரலை வெட்டச் சிவன் முனையும்போது, சோறு கொண்டுவந்த மனைவி குறுக்கே விழுகிறாள். அவன் விரல் போனால் வயல் வேலை நின்று குடும்பம் பட்டினி கிடக்கும், அவனுடைய ஒரு விரலுக்குப் பதிலாக என் விரல்கள் இரண்டை எடுத்துக்கொள் என்கிறாள். இதை மூடநம்பிக்கை என்று கண்டித்தால் மட்டும் போதாது. களையெடுப்பு, நாற்று நடவு, கேழ்வரகு அரைப்பு என்று அந்த வீட்டின் உழைப்பில் பாதிக்கு மேல் பெண் கையில் இருந்தபோதும், ‘உழைக்கும் கை’ ஆணுடையது என்று இந்தக் கதை கணக்குப் போடுகிறது. கெம்பே கௌடர் இந்த வழக்கத்தைத் தடுத்தார் என்று அவர் புகழ்பாடும் மரபு சொல்கிறது. வில்க்ஸ் காலத்திலும் அது வழக்கிலிருந்ததால், தடை போட்டிருந்தாலும் அது வெகுதூரம் செல்லவில்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்த ஒட்டர்களின் பெயரும், பேட்டைக்குக் காய்கறி விளைவித்த திகளர்களின் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை என்பதையும் இதே இடத்தில் சொல்லியாக வேண்டும். இந்தக் குடும்பம் வேலையை ஒருங்கிணைத்தது. வேலையைச் செய்தவர்கள் அவர்கள்.

கடைசியாக ஒரு மறுப்பு: 1638இல் பீஜப்பூர்த் தளபதி ரணதுல்லா கான் பெங்களூரைப் பிடித்து மராத்தியத் தலைவர் ஷாஜிக்குக் கொடுத்தபோது குடும்பம் மாகடிக்குப் பின்வாங்கியது. உழவர் குடும்பம் என்றால் நிலத்தோடு ஒட்டியிருக்க வேண்டாமா? குடும்பத்தின் தலைமைக்கிளை போனது உண்மை. ஆனால் பேகூர், வர்த்தூர், கெங்கேரி ஹோபளிகள் ஹோபளிகளாகவே நீடித்தன. ஷாஜியும், 1680களில் பெங்களூரை வாங்கிய மைசூர் உடையார்களும், பின்னர் ஹைதரும் திப்புவும் அதே ஏரிகளின் கீழ் விளைந்ததிலிருந்துதான் வரி எடுத்தார்கள். கொடி மாறும்போதெல்லாம் ஏரிக்கணக்கு மாறாமல் கைமாறியது. மாகடியும் சாவனதுர்கம் மலைக்கோட்டையும் 1728இல் மைசூர்ப் படையிடம் விழுந்தன. கடைசித் தலைவரான கெம்பவீர கௌடர் சீரங்கப்பட்டணச் சிறையில் உயிர்விட்டார். மாகடியில் கழிந்த அந்த 90 ஆண்டுகளில் சோமேசுவரர் கோயிலும் புதிய ஏரிகளும் எழுந்த விதத்தையும், மலைக்கோட்டை ஒன்றை நம்பியதால் குடும்பம் தன் பழைய பலத்திலிருந்து எப்படி விலகியது என்பதையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.